ஐந்நூற்றைம்பது பாகை

இருபத்திமூன்று வருடமாக
நான் பார்த்துக்கொண்டிருப்பது ஓட்டைகளை.
விண்ணப்பப் படிவத்தில் அப்படி எழுத முடியாது;
"நுண்துளைப் படிகங்களின் கட்டமைப்பு" என்று எழுதுவேன்.
கிளிநொச்சி வங்கி முகாமையாளர் ஒருமுறை கேட்டார்:
"கல்லிலை என்ன மிஸ் அவ்வளவு நாள் பார்க்கக் கிடக்கு?"

கிடக்கிறது.
ஒரு சிலிக்கன், சுற்றி நாலு ஒட்சிசன்,
மூலைக்கு மூலை கைகோத்து
வளையமாகி, வளையங்கள் கூடாகி, கூடுகள் தெருவாகி
உள்ளே ஆளில்லாத ஓர் ஊர்.
ஒரு கிள்ளுத் தூளில் அப்படி எத்தனை ஊரென்று எழுதினால்
பூச்சியங்கள் கொப்பியை விட்டு மேசையில் இறங்கும்.

உமி, கரடிப்போக்கு ஆலையில் சாக்கு ஐம்பது ரூபாய்.
எரித்தால் வெண்சாம்பல், அதில் தொண்ணூறு வீதம் சிலிக்கா.
காஸ்ரிக் சோடா மட்டும் கொழும்பிலிருந்து லொறியில்.
அதைப் பரந்தனிலேயே காய்ச்சிய காலம் ஒன்றுண்டு.
அந்த இடிந்த சுவர்களைக் கடந்துதான்
பவளராணி தினமும் முரசுமோட்டையிலிருந்து வருகிறாள்,
ஸ்கூட்டியில், ஹெல்மெட்டுக்குள் மல்லிகை நசுங்க,
ஆய்வுகூடம் திறக்க.

ஸ்டொக்ஹோமில் எல்லாம் இருந்தது:
எக்ஸ்கதிர் இயந்திரம், பனி, எனக்கென்று ஒரு சாவி.
இங்கே சாவி மட்டும்.
மாதிரிகளைக் கண்ணாடிக் குழலில் அடைத்துத் தபாலில் அனுப்புகிறேன்.
ஆறு கிழமை கழித்துப் புள்ளிகள் திரும்பி வருகின்றன,
சிலவேளை வேறு யாருடையவோ புள்ளிகள்.

என் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டப்படும்
ஒரே கட்டமைப்பு பிழை.
பன்னிரண்டு வருடம் அது சரியாக இருந்தது.
பிறகு பிராக்கிலிருந்து ஒரு பொடியன்,
கலாநிதிப் பட்டம்கூட முடிக்காதவன்,
மிகுந்த மரியாதையுடன் இரண்டு பக்கம்:
அது ஒரு படிகம் அல்ல,
முதுகோடு முதுகு ஒட்டி வளர்ந்த இரண்டு.
நீங்கள் கண்ட சமச்சீர் ஒன்றினதும் அல்ல.

மூன்று இரவு கணக்குப் போட்டேன்.
மூன்றாம் இரவு கரண்ட் போனது.
நுளம்புக்குள் இருந்தபடி கையால் போட்டேன்.
பொடியன் சொன்னது சரி.
திருத்தம் நாலு வரி.
அனுப்பிய இரவு ஒரு தோசை கூடச் சாப்பிட்டேன்,
ஏனென்று தெரியாது.

பவளராணிக்கு ஒருநாள் விளங்கப்படுத்தினேன்:
இந்தப் படிகம் சும்மா வளராது.
நடுவில் ஒரு மூலக்கூறு வேண்டும்.
அதன் தோளளவு பார்த்து, முழங்கைக்கு இடம் விட்டு
அதைச் சுற்றித்தான் கட்டும்.
பிறகு உலையில், ஐந்நூற்றைம்பது பாகையில்,
ஆறு மணி நேரம், நடுவில் நின்றதை எரித்துவிடுவோம்.

உலைக் கைபிடியை விடாமல் கேட்டாள்:
"அது எரிஞ்சாப் பிறகும் இடம் அப்பிடியே கிடக்குமோ மிஸ்?"
"கிடக்கும்."
"சுவர் விழாதோ?"
"மெல்லச் சூடாக்கினால் விழாது. நிமிசத்துக்கு ஒரு பாகை."
பதிவேட்டில் எழுதினாள்:
நிமிசத்துக்கு ஒரு பாகை.
கீழே ஒரு கோடும் போட்டாள்.

மாதத்தில் ஒருநாள் அரைநாள் லீவு கேட்பாள்,
கந்தசுவாமி கோயிலடிக்கு.
செய்தித்தாள் சுற்றிய படம் ஒன்று
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில்;
அன்றைக்குக் கால்களை வெளியே தொங்கவிட்டு ஓட்டுவாள்.
எனக்கு ஓர் உவமை வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.
இரண்டை ஒன்றென்று சொல்லி
ஏற்கெனவே ஒருமுறை பிழைவிட்டவள் நான்.

கார்த்திகை. இரணைமடுவில் வான்கதவு திறந்தாச்சாம் என்று
வாசலில் காவலாளி யாருக்கோ போனில் சொல்கிறார்.
உலை ஆறிவிட்டது.
வெள்ளைத் தூளைத் தராசில் வைக்கிறோம்.
எண்கள் ஏறுகின்றன,
நாலாம் தசமம், மூன்றாம் தசமம்,
வெறுங்கூடு அறையின் ஈரத்தைக் குடித்துக் குடித்துக்
கனத்துக்கொண்டு போகிறது.

பேனை மூடியைப் பல்லில் கடித்தபடி பவளராணி:
"எழுதட்டோ?"

"பொறு. இன்னும் நிக்கேல்லை."